திரும்பாத தலை

கமலக்கண்ணனைப் பொறுத்தவரை மனிதர்கள் காலணியில் தொடங்கி ஹெல்மெட்டில் முடிகிறவர்கள். அவர்களைச் சுற்றி மரம் இருக்கலாம், மைதானம் இருக்கலாம், தொண்டை கிழியக் கத்துகிற கூட்டம் இருக்கலாம். கேமரா அத்தனையையும்தான் பிடித்துக்கொண்டு வரும். அவன் கம்ப்யூட்டருக்கு வந்ததும் முதல் வேலையாக அதையெல்லாம் வெட்டி எறிந்துவிடுவான். மட்டை பிடித்து நிற்கிற ஒரு உடம்பு மட்டும் மிஞ்சும். பேட்டிங்கில் குறை கண்டுபிடிப்பது அவன் தொழில். குறை உடம்புக்குள்தான் இருக்கும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அவனும் அதைச் சந்தேகப்பட்டதில்லை.

அவன் வேலை பார்த்த விளையாட்டு ஆய்வு மையத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் முனை மாறும். ஒரு ஓவர் இந்தப் பக்கத்திலிருந்து பந்து வரும், அடுத்த ஓவர் அந்தப் பக்கத்திலிருந்து. எந்தப் பந்து எந்த முனையில் ஆடப்பட்டது என்று இவர்கள் யாரும் குறித்து வைப்பதில்லை. எல்லாத் துண்டுகளையும் ஒட்டி வரிசையாக ஓடவிட்டால், ஆட்டக்காரர் நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று ஆடியதுபோல் பார்க்க லட்சணமாக இருக்கும். அந்த லட்சணத்தில்தான் வினை ஒளிந்திருந்தது.

இளவேனில் அந்த மையத்துக்கு வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. மாநில மகளிர் அணியின் தொடக்க ஆட்டக்காரி. மட்டை பிடிக்கும் விதம், கால் நகர்த்தும் விதம், காத்திருக்கும் பொறுமை எல்லாம் தேசிய அணிக்குரியவை. ஒரே ஒரு பீடை மட்டும் அவளைப் பிடித்திருந்தது. பந்து வீசுபவள் ஓடிவந்து எகிறும் அந்தக் கணத்தில் இவள் தலை வலது பக்கம் லேசாகத் திரும்பும். ஒரு நூல் அளவுதான். உடனே திரும்பி வந்துவிடும். ஆனால் வேகப்பந்துக்கு அந்த நூல் போதும். நேராக வரும் பந்தைத் தவறவிட்டு, காலில் வாங்கிக்கொண்டோ ஸ்டம்பைப் பறிகொடுத்தோ வெளியே வருவாள். பயிற்சியாளர்கள் திட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், கழுத்தில் பட்டை கட்டிக்கூடப் பார்த்தார்கள். பட்டையை அவிழ்த்த மறுநாளே தலை பழையபடி போய் வந்தது. தேசியத் தேர்வு ஆட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு வராது என்று தேர்வாளர்களே சொல்லிவிட்டார்கள்.

"கோச்சுங்க எல்லாம் இலையைக் கிள்ளறாங்க. நாங்க வேரைப் பார்க்கறோம்" என்றார் டாக்டர் மிருணாளினி. மையம் அவருடையது. குரலில் எப்போதும் ஒரு ஏ.சி. அறையின் குளிர்ச்சி இருக்கும். "இந்தத் தொப்பியை மாட்டிக்கிட்டு நீ ஆடணும். தலை திரும்பற ஒவ்வொரு தடவையும் உன் மூளையில ஏதோ ஒரு இடத்துலேர்ந்து உத்தரவு வருது. அந்த இடம் எதுன்னு தொப்பி கண்டுபிடிக்கும். அப்புறம் அதைத் தூங்க வெச்சிடும். அவ்வளவுதான். வலிக்காது."

இளவேனில் தொப்பியைத் தொட்டுப் பார்த்தாள். "வேற எதுனா கூடவே தூங்கிடாதா மேடம்?"

டாக்டர் கமலக்கண்ணனைக் கை காட்டினார். இந்த மாதிரி நேரங்களுக்கென்றே அவன் ஒரு சாட்சிப் பொருளாகப் பயன்பட்டுவந்தான்.

"எனக்கே பண்ணியிருக்காங்கம்மா. முதல் ஆளே நான்தான்" என்றான் அவன். "நான் எப்பப் பார்த்தாலும் காது மடலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருப்பேன். சின்ன வயசுப் பழக்கம். மீட்டிங்ல அசிங்கமா இருக்கும். இப்பக் கை அந்தப் பக்கமே போறதில்ல. வேற ஒரு மாற்றமும் இல்ல. நல்லாச் சாப்பிடறேன், நல்லாத் தூங்கறேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அந்தச் சிகிச்சைக்குப் பிறகு உண்மையிலேயே முன்னைவிட நன்றாகத் தூங்கினான்.

இளவேனிலுக்குப் பின்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார் அவள் அப்பா ஏகாம்பரம். வெளுத்த ஆரஞ்சுச் சட்டை. இடுப்பு பெல்ட்டில் பெரிய சாவிக்கொத்து ஒன்று தொங்கியது. வியாசர்பாடியில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர், எப்போதோ நின்றுவிட்டார். மனைவி இல்லை. மகள் எந்த மைதானத்தில் ஆடினாலும் இவர் கூடவே போவார். ஒண்டுக் குடித்தன வீட்டுக்கு இத்தனை சாவி எதற்கு என்று கமலக்கண்ணன் ஒரு கணம் யோசித்தான், பிறகு மறந்துவிட்டான்.

"உங்க பொண்ணு ஏன் அப்படித் திரும்பறான்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று டாக்டர் அவரைக் கேட்டார்.

ஏகாம்பரம் மகளின் முதுகைப் பார்த்தார்.

"சின்னதுலேந்தே அப்டித்தான் மேடம். இன்னாத்துக்குன்னு தெர்ல" என்றார். "அத்த எட்துடுங்கோ. முழுசா எட்துடுங்கோ."

எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் இளவேனில் ஆடியதைப் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. பந்து வீசுபவள் ஓடிவர, எகிற, வீச, இவள் தலை கருங்கல்லில் அடித்து வைத்ததுபோல் நிற்கும். பந்தை அவ்வளவு சீக்கிரம் பார்த்தாள். பயிற்சி ஆட்டங்களில் அவளை வெளியேற்ற வழி தெரியாமல் எதிரணிக்காரிகள் எரிச்சல்பட்டார்கள். பத்திரிகைகள் அவள் பெயரைச் சரியான எழுத்தில் போடத் தொடங்கின. டாக்டர் மிருணாளினி ஊழியர்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் கண்ணில் படத்தான் செய்தன. பயிற்சி முடிந்து இளவேனில் கிட்பேக்கை இழுத்துக்கொண்டு நேராக வாசலுக்குப் போவாள். தண்ணீர் பாட்டிலோடு வலைக்குப் பக்கத்தில் நிற்கும் அப்பாவைத் தாண்டியே போவாள். கோபம் எதுவும் கிடையாது. கூப்பிட்டால் நின்று, "ஆங், நைனா" என்று சிரிப்பாள். கூப்பிடாவிட்டால் போய்க்கொண்டே இருப்பாள். ஒருநாள் ஏகாம்பரத்தின் நெற்றியில் பெரிய பிளாஸ்திரி இருந்தது.

"என்னாச்சுங்க?"

"தடுக்கி வுயுந்துட்டேன் சார். அத்த வுடு." அவர் கமலக்கண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "இனிமே அது திரும்பவே திரும்பாதில்ல சார்? மேச்சு நேரத்துல மறுபடி வந்துடாதே?"

"வராதுங்க. வேரோட போயாச்சு."

"நல்லதாப் போச்சு" என்றார் ஏகாம்பரம். சந்தோஷப்படுகிறவர் முகம் அப்படி இருக்காது என்று கமலக்கண்ணனுக்குப் பட்டது. ஆனாலும் அது அவனை உறுத்தவில்லை. அந்த நாட்களில் அவனை எதுவுமே உறுத்துவதில்லை.

தேர்வு ஆட்டத்தன்று காலையில்தான் அவன் அந்தக் காரியத்தைச் செய்ய நேர்ந்தது. மையத்துக்கு விளம்பரப் படம் ஒன்று தயாராக வேண்டியிருந்தது. சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின். டாக்டருக்கு உடம்பு மட்டும் போதவில்லை. மைதானம், கூட்டம், வெயில் எல்லாம் தெரிய வேண்டும், அப்போதுதான் படம் எடுபடும் என்றார். ஆகவே கமலக்கண்ணன் தன் வாழ்நாளில் முதன்முறையாகப் படத்தை வெட்டாமலே பார்க்க உட்கார்ந்தான். இளவேனில் தலை திருப்பி ஆட்டமிழந்த பழைய ஆட்டங்கள் ஒவ்வொன்றாக முழு அகலத்தில் ஓடின.

முதலில் கண்ணில் பட்டது கட்டடம். அவள் தலை திரும்பிய எல்லாப் பந்திலும் பின்னால் அதே பக்கத்துக் கட்டடம்தான் தெரிந்தது. அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. மறுமுனையில் நின்று ஆடும்போது, பந்து வீசும் கணத்தில், அவள் தலை ஒருமுறைகூட அசையவில்லை. ஒரே உடம்பு, ஒரே ஆள், ஒரு முனையில் குறை இருக்கிறது, இன்னொரு முனையில் இல்லை. அப்படியென்றால் அது உடம்பின் குறை இல்லை. இத்தனை நாளும் இரண்டு முனைகளையும் ஒன்றாக ஒட்டி அவர்களே அதை மறைத்து வைத்திருந்தார்கள்.

அவள் பார்த்த திசையில் அவனும் பார்த்தான். வேலியோரத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி. பெரிதாக்கினால் ஏகாம்பரம். வேறு ஊர், வேறு மைதானம், அங்கேயும் அதே பக்கத்தில் ஆரஞ்சுச் சட்டை. தலை திரும்பிய முனையில் ஆடும்போது அவர் அவள் கண்ணெதிரே இருந்தார். அந்த முனைக்குப் போனால் முதுகுக்குப் பின்னால். அப்போது மட்டும் அவள் மட்டையை ஊன்றுவதற்கு முன்னால் ஒருமுறை முழுதாகத் திரும்பிப் பார்த்துவிட்டு வந்து நின்றாள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஓர் ஆட்டத்தில் பந்து வீசுபவள் ஓடி வந்துகொண்டிருக்கும்போதே இளவேனில் மட்டையைக் கீழே போட்டுவிட்டு வேலியை நோக்கி ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆரஞ்சுச் சட்டை சரிந்தது. கை கால் வெட்டி இழுக்கிற அந்த உடம்பை அவள் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள், இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் திணித்தாள், தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். நடுவர் வந்து ஏதோ கேட்க, அவள் தலையை ஆட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கமலக்கண்ணன் டாக்டருக்குப் போன் செய்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "மேட்ச் முடியட்டும், பேசிக்கலாம்" என்றார். "இன்னைக்குத் தேர்வாளர்கள் அவளை மட்டும் பார்க்க வரல, கமல். நம்மளையும் பார்க்க வராங்க."

அவன் மைதானத்துக்குப் போனபோது டாஸ் முடிந்திருந்தது. ஏகாம்பரம் வழக்கமான இடத்தில், விளம்பரப் பலகைகளுக்குப் பின்னால், மழைநீர்க் கால்வாய் ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் மழையில் கால்வாயில் கணுக்காலளவு தண்ணீர் நின்றது.

"உங்களுக்கு வலிப்பு வருமா?" என்று கமலக்கண்ணன் கேட்டான்.

அவர் பதறவில்லை. "எல்லாம் பாத்துட்டியா சார்?"

"ஏன் அன்னிக்குச் சொல்லல?"

"சொல்லியிருந்தா எட்துருப்பீங்களா?" ஏகாம்பரம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இழுப்பு வர்றதுக்கு மின்னாடி நான் கட்டவிரலத் தேய்ப்பேனாம் சார். எனக்கே தெரியாது. பாப்பாவுக்குத்தான் தெரியும். எட்டு வயசுல அதோட அம்மா போய்ட்டா. அப்போலேந்து வூட்ல, பஸ்ல, கிரவுண்டுல, எங்க இருந்தாலும் என் கையத்தான் பாத்துக்கினே இருக்கும். பாக்கறோம்னு அதுக்கே தெரியாது. என்னால அது எத்தினி மேச்சுல அவுட்டாச்சு தெரியுமா? ஒரு அப்பன்காரன் எத்தினி நாளு சார் அத்தப் பாத்துக்கினு குந்தியிருப்பான்?"

"அப்ப வீட்லயாவது இருந்திருக்கலாமே?"

"அதெப்டி சார்? அது ஆடறத நான் பாக்க வாணாவா?"

கமலக்கண்ணன் மைதானத்தின் மறுபக்கத்தைக் கை காட்டினான். "முதலுதவிக் கூடாரத்துக்குப் பக்கத்துல போய் உட்காருங்க. நான் சொல்லி வைக்கறேன்."

"வாணாம் சார். அவுங்க வந்து பக்கத்துல நின்னா பாப்பா பாத்துடும். ஆட்டம் கெட்டுடும்."

"இப்பத்தான் அவ பாக்கறதில்லையே."

ஏகாம்பரம் அவனை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்க முயன்றார். "ஆமா, மறந்துட்டேன்" என்றார். "மாத்திரை போட்டுக்கினுதான் வந்தேன். நீ போ சார். உனுக்கு வேலை கீது."

வேலை இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. கேமராவை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். கூடாரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேலேயிருந்து அப்பப்போ பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவன் படமெடுக்கும் கோபுரத்தில் ஏறினான். ஏறி உட்கார்ந்ததும் விரல் பழக்கத்தில் திரையை வெட்டியது. காலணியிலிருந்து ஹெல்மெட் வரை இளவேனில் நின்றாள்.

அன்று அவள் ஆடியதைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். எழுபதைத் தாண்டினாள், எண்பதைத் தாண்டினாள். தேர்வாளர்கள் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். தொண்ணூறுகளில் இருக்கும்போது பந்து கொஞ்சம் குட்டையாக, வெளிப்பக்கமாக விழுந்தது. அவள் பின்காலில் சாய்ந்து வெட்டினாள். கமலக்கண்ணனின் திரையில் அவள் தலை அசையவே இல்லை. பந்து மட்டையை விட்டுக் கிளம்பிய பிறகு கண்கள் மட்டும் அதன் பின்னால் போயின. எல்லைக் கோடுவரை போயின. பந்து நான்கு ஓட்டத்துக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் திரும்பி வந்தன. எவ்வளவு சுத்தமான ஷாட் என்று அவன் நினைத்தான். அதை விளம்பரப் படத்துக்கென்று தனியாகக் குறித்தும் வைத்தான்.

பந்தை எடுக்கப் போன பெண் வெகுநேரம் திரும்பி வரவில்லை. பிறகு அவள் அலறல் கேட்டது.

பலகைகளுக்குப் பின்னால் ஏகாம்பரம் கால்வாயில் குப்புறக் கிடந்தார். விழுந்து பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றார்கள். வலிப்பில் சாகவில்லை. கணுக்கால் அளவுத் தண்ணீர் போதுமாக இருந்தது. சாவிக்கொத்து அவருடைய வலது கையிலேயே இறுகியிருந்தது. அதனால் வலிப்பு நிற்காது என்று எந்த டாக்டரும் சொல்வார். ஆனாலும் கடைசி நொடியில் வருவது தெரிந்து, கொடுக்க ஆள் இல்லாமல், அவரே அவிழ்த்துத் தன் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். பலகை இடுக்கில் புகுந்த பந்து அவர் காலடியில் கிடந்தது.

மறுநாள் வியாசர்பாடியில் டாக்டர் கொடுத்தனுப்பிய மாலையோடு கமலக்கண்ணன் போய் நின்றான். தெருவில் சாவு மேளம் அடித்துக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இளவேனில் உட்கார்ந்திருந்தாள். உறவுக்காரப் பெண்கள் பெட்டியில் விழுந்து அழுதார்கள். அவள் அழாமல் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தாள்.

"என்னை டீமுல எட்துட்டாங்க சார். காலையில போன் வந்துச்சு."

"கேள்விப்பட்டேம்மா."

"அந்தப் பந்து போறதப் பாத்தேன் சார். கோடு வரைக்கும் பாத்தேன். அங்கதான் நைனா கெடந்துச்சாம். நான் பந்த மட்டுந்தான் பாத்தேன்." அவள் குரல் உடையவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். "அதுக்கு இழுப்பு வரும்னு எனக்குத் தெரியும் சார். மாத்திரை வாங்கித் தர்றதே நான்தான். ஆனா ஒரு மாசமா அதப் பாக்கணும்னே தோணல. இப்பக்கூட உள்ள பெட்டியில வெச்சிருக்காங்க. பக்கத்துலயே குந்தியிருக்கேன். தலை அந்தப் பக்கம் போவ மாட்டேங்குது."

அவன் மாலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"நெசமாச் சொல்லு சார். நான் அப்போ திரும்பித் திரும்பிப் பாத்தது நைனாவத்தானா? அத்தத்தான் எட்துட்டீங்களா?"

"இல்லம்மா" என்றான் கமலக்கண்ணன். "அது வெறும் பழக்கம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் அவன் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நம்பிவிட்டாள் என்றே தோன்றியது. அவன் முகத்தில் பொய் சொன்ன அடையாளம் எதுவும் இல்லை.

சாயங்காலம் வீட்டில் குளித்துவிட்டு வந்து மனைவி சுபாஷிணியிடம் நடந்ததையெல்லாம் சொன்னான், கடைசியில் தான் சொன்ன பொய்யையும் சேர்த்து. சொல்லிக்கொண்டே இரண்டு தோசை சாப்பிட்டான். மூன்றாவதைத் தட்டில் போட வந்தவள் தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"உங்களுக்கு ஒண்ணுமே பண்ணலையா?"

"என்ன பண்ணணும்?"

"எனக்குத் தெரியாம ரெண்டு ரூபாய்க்கு ஒரு பொய் சொன்னாக்கூட உங்க கை காதுக்குப் போயிடும். அதை வெச்சுத்தானே நான் உங்களைக் கண்டுபிடிப்பேன்" என்றாள் சுபாஷிணி. "தப்புப் பண்ணினா பிள்ளையார் முன்னால காதைப் பிடிச்சுக்கச் சொல்லி வளர்த்தாங்கன்னு உங்கம்மாவே சொல்லியிருக்காங்க. கையைத்தான் நிறுத்தியிருக்காங்கன்னு நெனச்சேன். எதைப் போய் எடுத்துட்டு வந்திருக்கீங்க நீங்க?"

அவன் வலது கையைத் தூக்கி வேண்டுமென்றே காது மடலைப் பிடித்துப் பார்த்தான். மெத்தென்று, கொஞ்சம் சூடாக, குளித்த ஈரத்தோடு இருந்தது. காது, அவ்வளவுதான். ஒரு மனிதரைச் சாகக் கொடுத்திருக்கிறோம், அவர் மகளிடம் பொய் சொல்லியிருக்கிறோம் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது, பள்ளிப் பாடம் தெரிந்திருப்பதைப்போல. அதற்குப் பிறகு உள்ளே ஏதோ ஒன்று வர வேண்டும் என்றும் தெரிந்தது. கையைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. சுபாஷிணி அடுப்பை அணைத்துவிட்டு, அவனோடு ஒரே அறையில் இருக்கப் பயந்தவள்போல் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அன்றிரவும் அவன் நன்றாகவே தூங்கினான்.

காலையில் மேஜைமேல் புதுப் படம் வந்திருந்தது. சேலத்துப் பையன் ஒருவன். மட்டையைத் தூக்கும் முன் ஒரு கணம் தயங்குகிறான், அதனால் பந்துக்குத் தாமதமாகிறது, சரிசெய்ய வேண்டும். கமலக்கண்ணன் திறந்தான். முழு மைதானமும் திரையில் விரிந்தது. இடது ஓரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம், சக்கர நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பந்துக்கும் அங்கிருந்து ஒரு கை மெதுவாக உயர்ந்தது.

அவன் அதைக் கொஞ்சநேரம் பார்த்தான். அப்புறம் சுட்டியை நகர்த்தி, காலணியிலிருந்து ஹெல்மெட் வரை வைத்துக்கொண்டு, மிச்சத்தை வெட்டினான்.